குருவிக்கு மட்டும் ஒப்பனை இல்லை

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போனால், பறவைகளுக்கு அடுத்தபடி கண்ணில் படுவது ராணுவம். இலைதழை அச்சடித்த சட்டை, அதே துணியில் தொப்பி, அதே துணியில் லென்ஸுக்கு ஓர் உறை. கரைமேல் போட்டிருக்கும் நடைபாதையில், சுண்டல் விற்கும் அம்மாவுக்கும் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளுக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாத நினைப்போடு வரிசையாக நிற்பார்கள். எதிர்மரத்தில் நத்தைகுத்தி நாரை ஒரு குச்சியைக் கொண்டுவந்து கூட்டில் செருகிவிட்டு, அடுத்த குச்சிக்குப் புறப்பட்டுவிடும். மனிதரைப் பார்த்துப் பதறும் வழக்கம் அந்த ஊர்ப் பறவைகளுக்கு இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே பாதுகாப்புப் பத்திரம் வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கம் அதைச் சரணாலயம் என்று ஒப்புக்கொண்டது 1936-ல்.

அந்த இலைதழைச் சட்டை என்னிடமும் ஒன்று இருக்கிறது. அக்கா மகன் வாங்கிக் கொடுத்தது. போட்டுக்கொண்டு போனால் நல்ல மரியாதை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆபீஸுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடுதான் போவேன். செங்கல்பட்டில் பஸ் ஏறி, படாளம் கூட்டுரோட்டில் இறங்கி, வாடகை சைக்கிளில் மிதித்துப் போக வேண்டும். கையில் ரஷ்ய ஜெனிட் காமிரா. அதோடு, கப்பலில் வேலை பார்த்த நண்பர் கொடுத்துவைத்திருந்த 'போட்டோஸ்னைப்பர்' சாமான். 300 மில்லிமீட்டர் லென்ஸ். அதைத் தாங்க அசல் துப்பாக்கிக் கட்டை மாதிரியே ஒரு பிடி. விரலுக்கு ஒரு விசை. சோவியத் நாட்டில் அதை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வேடந்தாங்கலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கரையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே வந்துவிட்டார்.

"துப்பாக்கி உள்ள போவக்கூடாது சார்."

"இது காமிரா ஐயா."

"காமிரான்னா கழுத்துல மாட்டுவாங்க. தோள்ல சாத்தினா அது துப்பாக்கி."

லென்ஸ் வழியாக அவருக்கு ஒரு பாம்புத்தாராவைக் காட்டிய பிறகுதான் வழி கிடைத்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியுதே" என்றார். கலெக்டர் எழுதிக்கொடுத்த காகிதம் ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்தும் அமலில் இருந்ததை நான் அன்றைக்கு நேரில் கண்டேன்.

அவருக்குத் தெரிந்த கண் என் படத்தில் தெரியவில்லை. கறுப்புவெள்ளை ஃபிலிம், நூறு ஏ.எஸ்.ஏ.; வெளிச்சத்தை மீட்டர் சொல்லாது, நிழலைப் பார்த்து நாமே சொல்ல வேண்டும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அதில் பாதியை வீட்டில் ஏதாவது வளைகாப்புக்கு ஒதுக்கிவைக்க வேண்டும், மீதியில்தான் பறவை. வெள்ளைக் கொக்கு என்றால் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துவிடும். நீர்க்காகம் என்றால் கரிப்பொட்டு. பஜார் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவரை ஊரே 'மாஸ்டர்' என்று அழைக்கும். ரோலைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்குக்கு நேரே பிடித்து, அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கண்ணு எங்கப்பா? கண்ணு இல்லாம என்னா போர்ட்ரெய்ட்டு?"

பிறகு அவரே கண்ணை வைப்பார். கூர்சீவிய பென்சிலால் நெகடிவின்மேல், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரதியில் வெளுக்கும். கரிக்கோடாகக் கிடந்த பாம்புத்தாரா, பிரதியில் கண்ணில் ஒளியோடு நம்மைப் பார்க்கும். கல்யாணப் பெண்களுக்கு அவர் காலமெல்லாம் செய்துவந்த டச்சிங்தான் அது. பறவைக்குச் செய்யும்போது மட்டும் காசு வாங்க மாட்டார்.

அக்கா மகனின் காமிரா கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. பறவை சட்டகத்துக்குள் வந்ததும் ஒரு சின்னக் கட்டம் ஓடிப்போய் அதன் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. பறவை தலையைத் திருப்பினாலும் விடுவதில்லை. நொடிக்கு முப்பது படம். இன்னொரு வசதி, பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் எடுத்து வைத்துக்கொள்கிறதாம். "நீங்க லேட்டா அமுத்தினாலும் பரவாயில்ல மாமா, அது முன்னாடியே எடுத்துடும்" என்றான். அப்படியானால் அதை இங்கே விட்டுவிட்டு நாம் போய் டீ குடிக்கலாமே என்றேன். சிரித்தான். ஆனால் அவன் சொன்னது உண்மை. மீன்கொத்தி கிளையைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்துக்காக நான் வருஷக்கணக்காகக் கட்டைவிரல் மரத்துப்போகக் காத்திருக்கிறேன். இப்போது அது அவனிடம் ஒரே காலையில் இருபது கோணத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் கண் தெரிகிறது. எல்லாவற்றிலும் மொட்டைக் குச்சி, அதன்மேல் பறவை, பின்னால் மழமழவென்று ஒரே பச்சை. மாஸ்டரின் ஸ்டூடியோவில் பின்னணிக்குத் தொங்கிய வண்ணத்திரையைக் காலத்துக்கு ஒவ்வாது என்று கழற்றிப் பரணில் போட்டார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் பறவைப் படங்களின் பின்னணி என்பது என் ஊகம்.

பறவைப்படக்காரர்களின் பழைய சரித்திரம் இதைவிடச் சுவாரசியமானது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் காளைத்தோலைப் பாடம்பண்ணி, அதன் வயிற்றுக்குள் ஆளும் காமிராவும் நுழைந்து பறவைக்குப் பக்கத்தில் போனார்கள். எரிக் ஹோஸ்கிங் 1937-ல் ஆந்தைக் கூட்டருகே போய் ஒரு கண்ணை இழந்தார். அதன் பிறகும் ஆந்தைகளை எடுத்தார். நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன். திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். ஊரெல்லாம் கலருக்கு மாறிய பிறகும் கறுப்புவெள்ளையை விடவில்லை. பலவகைப் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய தன் காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவருடைய படங்களில் பின்னணி பச்சைச் சுவராக இராது. புதரும் தெரியும், மண்ணும் தெரியும், அந்தப் பறவை எந்த மாதிரி ஊரில் வாழ்கிறது என்பதும் தெரியும்.

இனி என் இரண்டாவது பொழுதுபோக்கு. ரிட்டயரான பிறகு வந்து சேர்ந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. என் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, கறுப்புத் துணிக் குடை, மடக்கு காமிரா எல்லாம் கிடக்கின்றன என்ற செய்தி அக்கா மகன் வழியாகக் கல்யாண போட்டோக்காரர்களுக்குப் பரவியது. முதலில் சாமான்களைக் கடன் கேட்டு வந்தார்கள். பிறகு, "சார், நீங்களும் வாங்க, அந்தக் காலத்துல எப்படி நிப்பாங்கன்னு சொல்லுங்க" என்றார்கள். அப்படியே நானும் 'வின்டேஜ் ஷூட்' ஆள் ஆனேன். பழைய படம் மாதிரி புதுப்படம் எடுக்கும் தொழில்.

இந்தப் படங்களை நம்பினால், 1940-களில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கிராமபோன் இருந்தது. எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கத்தான் கியூவில் நின்றோம். பாவாடை தாவணியில் நிற்கும் பெண்ணுக்குப் புருவம் கம்பிபோல் திருத்தியிருக்கும். மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டில், ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிய இடம் மட்டும் வெளுத்திருக்கும். பின்னணிக்கு வறண்ட கிராமம் வேண்டும் என்று காரில் போய் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். இந்த ஊர்களில் அது காடாக மண்டியதே சுதந்திரத்துக்குப் பிறகுதான். இதையெல்லாம் நான் சொல்வதுண்டு. "அதையெல்லாம் பிளர் பண்ணிடலாம் சார்" என்பார்கள். 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது மாமல்லபுரத்தில் குந்தவைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு குந்தவை தன் படம் பழுப்பு நிறத்தில்தான் வேண்டும், அப்போதுதான் சோழர் காலம் மாதிரி இருக்கும் என்றார். புகைப்படம் என்பதை உலகம் அறிந்ததே 1839-ல் என்று நான் சொல்லவில்லை, அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

அந்தப் பழுப்பு நிறம் வயதால் வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். மாஸ்டரின் இருட்டறையில் அது வேண்டுமென்றே செய்யும் வேலை. கறுப்புவெள்ளைப் பிரதியை ஒரு கரைசலில் முக்கி வெளுக்க வைத்து, பிறகு சோடியம் சல்பைடு தண்ணீரில் போடுவார். அழுகிய முட்டை நாற்றம் தெருமுனை வரை வரும். வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிப் பழுப்பாகும். அது சாதாரணப் பிரதியைப்போலச் சீக்கிரம் கெடாது. ஆக, படம் நெடுநாள் புதிதாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பூசிய நிறத்தைத்தான் இன்று படம் பழசாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பூசுகிறோம்.

வாடிக்கையாளர்கள் மாஸ்டரிடம் பழுப்பை விரும்பிக் கேட்டதில்லை. அவர்களுக்குக் கலர் வேண்டும். நாடக நடிகர்கள் ராஜபார்ட் வேஷத்தோடு வந்து நிற்பார்கள். கறுப்புவெள்ளையில் எடுத்த படத்துக்கு மாஸ்டர் பஞ்சைக் குச்சியில் சுற்றி, கன்னத்துக்கு ரோஜா, வேட்டிக் கரைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார். தூசு விழுந்த புள்ளியையெல்லாம் மெல்லிய பிரஷால் அடைப்பதற்கென்றே ஒரு பையன் இருந்தான். அந்தத் தூசு இன்று விலைக்குக் கிடைக்கிறது. கீறல், கறை, தூசு, ஓரம் சுருண்ட காகிதம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாக. கார்டு நம்பரைத் தட்டினால் இறங்கிவிடும்.

வேஷம் கட்டிப் பழங்காலத்தைப் படம்பிடிப்பது ஒன்றும் இன்றைய கூத்தல்ல. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையார் 1874-ல் வீட்டு ஆட்களையும் அக்கம்பக்கத்தாரையும் ஆர்தர் ராஜா கதைக்கு வேஷம் போட வைத்தார். தன் கணவரையே மந்திரவாதி மெர்லினாக நிறுத்தினார். ஃபோகஸ் சரியில்லை, தட்டில் தூசு, கைரேகை என்று அந்தக் காலத்தார் அவரைக் குறை சொன்னார்கள். பிறகு அவர் இலங்கைக்குப் போனார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1879-ல் அங்கேயே இறந்தார். சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப்பும் சளைத்தவரல்ல. தன் நெகடிவ்கள் சிலவற்றில் வெறிச்சென்று கிடந்த வானத்தில் தூரிகையால் மேகம் தீட்டினார். அதே மனிதர்தான் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளை 21 நெகடிவாக எடுத்து, ஒன்றாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமாகக் கொடுத்தார். அவர் எடுத்த மதுரைக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புறாக்களின் ஞாபகம் வரும். அன்றைய காமிராவுக்குப் படம் பதிய அவ்வளவு நேரம் வேண்டும்; பறப்பது எதுவும் அதில் பதிய வழியில்லை.

நம் காலத்தில் இதைச் சிரத்தையாகச் செய்தவர்களும் உண்டு. பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் பிம்பங்களைத் தானே வேஷமிட்டு மறுபடி எடுத்தார். ரவிவர்மாவின் பெண்ணும் அதில் உண்டு. பின்னால் கட்டம்போட்ட திரையை மாட்டி வெள்ளைக்காரர்கள் அளவெடுத்த பழங்குடிப் பெண்ணும் உண்டு. 2020-ஆம் வருஷ நாள்காட்டி ஒன்றுக்காக ஜி. வெங்கட்ராம் ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து எடுத்தார். துணி மடிப்பு முதல் விளக்கொளி வரை ஓவியத்தோடு ஒட்டி நின்றது. எங்கள் கம்பெனி அந்த வகையில் சேராது.

எங்களிடம் போன வருஷம் வந்த ஜோடிக்குப் பாரதி–செல்லம்மா தீம் வேண்டியிருந்தது. மாப்பிள்ளை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை. பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது, சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்தார் என்று சொல்வார்களே, அந்தக் காட்சி. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்குக் குடும்பத்தில் அரிசி இல்லாமல் போன கதையைத் தேர்ந்தெடுத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மீசை எல்லாம் தயார். பொன்னி பச்சரிசி வேண்டாம், மின்னுகிறது என்று நான் ரேஷன் அரிசி வாங்கி வரச்சொன்னேன். வாடகைக்கு எடுத்த பழைய வீட்டு முற்றத்தில் மாப்பிள்ளை கை நிறைய அள்ளி இறைத்தார். குருவி வரவில்லை. மாடப்புறாக்கள் வந்தன. காலில் சிவப்பும் கழுத்தில் பச்சையுமாகக் கொழுத்த புறாக்கள், மாப்பிள்ளையின் வேட்டி நுனியை மிதித்துக்கொண்டு அரிசியை ஒரு பருக்கை விடாமல் முடித்தன. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-ல் வந்த அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, ஆனால் சென்னை உட்பட ஆறு மாநகரங்களில் குறைந்துவிட்டது என்கிறது. புறா பெருகிவருகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்த முற்றம் அறிக்கையை வரி பிசகாமல் நடித்துக்காட்டியது.

"குருவியை அப்புறம் வச்சுக்கலாம் சார்" என்றார் எடிட்டர் தம்பி.

குருவி என்னிடம் இருந்தது. 1982, பாரதி நூற்றாண்டு வருஷம். டிசம்பரில் ஒரு பள்ளிக்கூட மலருக்காக, பாரதி வேஷமிட்ட பையனைப் படமெடுக்கத் தமிழாசிரியர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்த ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் சிந்திய சோற்றுப் பருக்கைக்கு முற்றம் முழுக்கக் குருவி. பையன் நிமிர்ந்து நிற்பான், ஒரு குருவிக் கூட்டம் காலடியில் வந்து இறங்கும், பையன் குனிந்து சிரித்துவிடுவான். ஆசிரியர் துண்டை வீசி வீசி விரட்டினார். "பாரதியார் கம்பீரமா இருக்கணும்ப்பா, இதுங்க வந்து கெடுக்குதுங்க" என்றார். ஒரு படத்தில் பையன் அசைந்து மங்கிவிட்டான். காலடியில் குருவிகள் மட்டும் தொண்டைக் கறுப்பு தெரியும்படி நறுக்கென்று விழுந்திருந்தன. பாரதியே தெளிவாக இல்லாத படம் எதற்கு என்று ஆசிரியர் அதை வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வேண்டாத படத்தைத்தான் எடிட்டர் தம்பியிடம் ஸ்கேன் செய்து கொடுத்தேன். நாலு நாளில் கூப்பிட்டார். "சார், குருவி செட் ஆவல. ரொம்ப கிரெயின் இருக்கு, பழசு மாதிரி தெரியுது." பழசுதான் தம்பி என்றேன். மென்பொருளில் போட்டுக் குருவிகளின்மேல் இருந்த ஃபிலிம் மணியையெல்லாம் துடைத்து எடுத்தார். பளபளவென்று ஆனவற்றை மாப்பிள்ளையின் காலடியில் ஒட்டினார். புறாக்களை அழித்தார். கடைசியாக மொத்தப் படத்துக்கும் பழுப்பு ஏற்றி, அதன்மேல் விலைக்கு வாங்கிய கிரெயினையும் கீறலையும் தூவினார். அந்தப் படத்தில் உண்மையிலேயே நாற்பது வருஷத்துக்கு முந்தையவை அந்தக் குருவிகள் மட்டுமே. ரிசப்ஷனில் பெரிய பலகையாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், "எல்லாம் சூப்பர், குருவி மட்டும் ஏஐ போல இருக்கு" என்றார். நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி வேண்டாத படங்களில் இன்னொன்றும் உண்டு. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் குருக்கள் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை வைப்பார். இரண்டு கழுகுகள் வந்து உண்டு போகும். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் வரும் முனிவர்கள் என்பது ஊர் நம்பிக்கை. பறவைக்காரர்கள் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். நான் போனபோது எடுத்தது உறவினர் குடும்பத்தின் குரூப் போட்டோ. மூலையில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, ஒரு பாறு இறக்கை மடக்கும் தருணம். பிரிண்ட் போடும்போது, "அந்தக் கழுகைக் கட் பண்ணிடுங்க மாஸ்டர், பாக்க அமங்கலமா இருக்கு" என்று அத்தை சொன்னார். கட் பண்ணினோம். தொண்ணூறுகளில் அவை வருவதே நின்றுபோனது. அதே பத்தாண்டில் நாடு முழுக்கப் பாறுகள் மடிந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். இப்போது தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் அந்தப் பாறையும் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளும் இருக்கின்றன. அத்தை வெட்டச் சொன்ன மூலை என் நெகடிவில் இருக்கிறது. பறவை ஆர்வலர்கள் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் கண் தெரியவில்லை என்று இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய நெகடிவ் கவர்கள் கிடக்கும். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஆட்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஓட்டுக்கூரையிலோ, கோபுரத்திலோ, மாட்டின் முதுகிலோ ஏதாவது உட்கார்ந்திருந்தால் ஊரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். நெகடிவின்மேல் எழுத வேண்டாம். கவரின்மேல், பென்சிலால், பால்பாயின்ட் மை ஊறும்.